எண்ணிக்கைகள் ஏன் முரண்படுகின்றன?

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் பெயரளவில்தான் பட்டணம். அங்கே கடல் இல்லை. ஆயினும், தொலைவில் நிகழ்ந்த ஒரு கடல்வழிப் படையெடுப்பு இவ்வட்டாரத்தையும் பாதித்தது. கங்காணிகள் வாயிலாக மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்கள் சென்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்றன்றோ!

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. கைதான படையினர் சுமார் 80,000 பேர் என்று சில நூல்கள் கூறும். 1,30,000 என்று வேறு சில கூறும். இரண்டுமே பொய்யல்ல. முன்னது சிங்கப்பூரில் மட்டும் சரணடைந்தோர் தொகை. பின்னது மலாயாப் போர் முழுவதிலும் பிடிபட்டோர் தொகை.

எல்லா முரண்பாடுகளும் இவ்வாறு எளிதில் தீர்வதில்லை. ஜப்பானியர் 1943 அக்டோபரில் முடித்த சயாம்–பர்மா ரயில் பாதைப் பணியில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். அவர்களுக்குப் பதிவேடுகள் இருந்தன, கல்லறைகளும் உள்ளன. அங்கேயே மாண்ட தமிழ், மலாய், பர்மியத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? ஒரு லட்சத்திற்குக் குறைவு என்போரும் உளர். அதிகம் என்போரும் உளர். அவர்களை முறையாக எண்ணியவர் இலர்.

செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் போதிக்கிறது. ஆகவே, ஓர் எண்ணைக் காணும்போது எந்த இடம், எந்தக் காலம், எண்ணியவர் யார், விடுபட்டவர் யார் என்று கேளுங்கள்.

அல்லாஹ்வின் ஏட்டில் எவரும் விடுபடுவதில்லை. மலாயா சென்று திரும்பாதோரில், நம் வீட்டுப் பெரியோர் நினைவில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையுமேனும் நாம் எழுதி வைப்போமாக!