வெள்ளத்தில் நனையாத காமிக்ஸ் அலமாரி

2015 டிசம்பர் வெள்ளம், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. அப்பா சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ் இதழ்களில் பாதி கூழாகிவிட்டன. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய வரிசை அது.

தப்பியவற்றை ஸ்கேன் செய்தேன். ஒவ்வோர் இதழையும் ஜிப் பைலாக்கி, எக்ஸ்டென்ஷனை மட்டும் சிபிஇசட் என மாற்றினேன். பழைய கம்ப்யூட்டரில் டாக்கரை நிறுவி, கோம்கா என்ற இலவச சாப்ட்வேரை அதன் கன்டெய்னரில் இயக்கினேன். கன்டெய்னர் என்பது சாப்ட்வேரையும் அதற்குத் தேவையான துணை பைல்களையும் சேர்த்து அடைத்த டப்பா. இப்போது அப்பா தன் மொபைல் பிரவுசரிலேயே மாயாவியைப் படிக்கிறார்.

ஒன்றை மறக்காதீர்கள். கன்டெய்னரை நீக்கினால் உள்ளே இருப்பதும் போய்விடும். எனவே காமிக்ஸ் போல்டர், கான்பிக் போல்டர் இரண்டையும் ஹார்ட் டிஸ்க்கில் வெளியே வைத்து இணையுங்கள். இன்னொரு பேக்கப் வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் வந்தால் ஹார்ட் டிஸ்க்கும் நனையும்!