கல்லூரியின் பெயரும் பட்டதாரியின் வேலையும்

“ஊரிலுள்ள நிலத்தை விற்றாவது மகனைப் பெயர்பெற்ற கல்லூரியில் சேர்க்கலாமா?” தமிழகத்தை விட்டு வந்து தில்லியில் வாழும் தந்தையர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை கூறுமுன், பெயரின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வோம்.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரி 1844-இல் தோன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தோன்றியது. தமிழகத்தில் இப்பெயர்களைக் கேட்டவுடனே மதிப்புப் பிறக்கிறது. வடநாட்டு நிறுவன அதிகாரி இவற்றைக் கேள்விப்படாமலே இருக்கலாம். கற்ற கல்வி ஒன்றே. ஊர் மாறியதும் பெயரின் விலை மாறிவிடுகிறது.

காரணம் எளிது. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பெறும் முதலாளியால் ஒவ்வொருவரின் திறமையையும் நேரில் காண இயலாது. ஆகவே, வெளியில் தெரியும் அடையாளமொன்றை நாடுகிறார். கல்வித் தகுதி இவ்வாறு அடையாளமாகப் பயன்படுவதை மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1973-இல் விளக்கினார்; 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். நுழைவதற்கே அரிதான கல்லூரியில் ஒருவர் இடம்பெற்றார் என்பதே அவரது திறமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. மேலும், பெரிய நிறுவனங்கள் ஆள் தேர்வு செய்யச் சில கல்லூரிகளுக்கே செல்கின்றன. பிற கல்லூரி மாணவர்க்குத் தம்மைக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பே வாய்ப்பதில்லை. பெயரால் விளையும் பெரும் வேறுபாடு இதுவே.

ஆனால், உயர்வுக்குக் காரணம் கல்லூரியா, மாணவரா? அமெரிக்காவில் டேல், குரூகர் என்னும் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒளி தருகிறது. ஒரே தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தும், சிலர் பெயர் குறைந்த கல்லூரியில் பயின்றனர். பிற்காலத்தில் இரு சாராரின் வருவாயும் பெரிதும் வேறுபடவில்லை. எனினும், வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்க்குப் பெயர்பெற்ற கல்லூரி நன்மை தந்தது. அயல்நாட்டு முடிவை அப்படியே நமக்குப் பொருத்தலாகாது. ஆயினும் அது சிந்திக்கத்தக்கது.

பெயர் செல்லாத இடங்களும் உண்டு. குடிமைப் பணித் தேர்வுக்கு அங்கீகாரம் பெற்ற பட்டம் ஒன்றே போதும். எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத் தேர்வுக்கு 275 என 2025 மதிப்பெண்களே முடிவைக் கூறுகின்றன. மொழிபெயர்ப்புப் பணிக்கு வந்த நாமும் தேர்வெழுதியே வந்தோம். அலுவலில் அமர்ந்தபின் நம் கல்லூரியை யாரும் கேட்டதில்லை, வரைவில் பிழை உண்டா என்றே கேட்டனர்.

எனவே, பெற்றோர் முதலில் நோக்க வேண்டுவது அங்கீகாரத்தை. பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் தலைநகர முகவரி கொண்டவையும் உள்ளன. அடுத்து, எந்நிறுவனங்கள் அக்கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கின்றன, எத்தனை பேர் வேலை பெற்றனர் என்று முன்னாள் மாணவரிடமே விசாரித்தல் வேண்டும். தகுதியால் இடம் கிடைத்து, கட்டணமும் தாங்கத்தக்கதாயின், பெயர்பெற்ற கல்லூரியை நாடுவது நன்றே. அறிமுகம் இல்லாத ஊரில் அப்பெயர் துணை நிற்கும். பணம் கொடுத்து இடம் வாங்கப் பூர்வீக நிலத்தை விற்பதோ வேண்டாதது. பெயர் முதற் கதவைத் திறக்கும். உள்ளே நிலைபெறச் செய்வது உழைப்பே.