மாமி எடுத்த தொலைபேசி

வானொலிக்குத் தொலைபேசி எடுத்து, விலைவாசி முதல் வீட்டுச் சண்டை வரை பேசுவது இன்று சாதாரண விடயம். எங்கள் வட்டுக்கோட்டையில் 1990க்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரமில்லை, தொலைபேசியில்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் ஒரு டயோட்டு வைத்தால் சரி. சுற்றுகிற பொடியன் களைத்தால் பிபிசி தமிழோசையும் களைத்துவிடும்!

கேட்டோம், மறுமொழி சொல்ல வழியில்லை. 1990களின் பிற்பகுதியில் இலண்டன், ரொறன்ரோ தமிழ் வானொலிகளில் நேயர்கள் எங்கள் ஊர்களைப் பற்றித் தொலைபேசியில் வாதிட்டனர். ஊரில் இருந்தவரின் குரல்தான் அதில் அரிது.

2002 போர்நிறுத்தத்தின் பின் கைத்தொலைபேசி பரவியது. மயிலிட்டியிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த மாமி, உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த தன் வீட்டைப் பற்றிக் கேட்க ஒரு பண்பலை நிகழ்ச்சிக்கு எடுத்தார்.

"அம்மா, முதல்ல றேடியோச் சத்தத்தைக் குறையுங்கோ" என்றார் அறிவிப்பாளர். றேடியோவில் வரும் குரல் திரும்பவும் தொலைபேசிக்குள் புகுந்தால் ஊளையிடும், அதனால்தான். மாமி குறைக்கவில்லை.

"குறைச்சால், நான் கதைக்கிறது வெளியில போகுதோ எண்டு எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?"