பழைய மின்சாரக் கார்: எத்தனை கோடு மிச்சம்?

கூலாயில் குடியிருக்கும் உங்கள் அப்பா தினமும் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர 60 கிலோமீட்டர். சேமித்த பணத்தில் பழைய மின்சாரக் கார் ஒன்று வாங்க நினைக்கிறார். விற்பனையாளர் இரண்டைக் காட்டுகிறார். ஒன்று 2019இல் பதிவான நிசான் லீஃப், மின்கலக் கொள்ளளவு 40 கிலோவாட்-மணி. இன்னொன்று 2023இல் பதிவான பிஒய்டி ஆட்டோ 3, 49.92 கிலோவாட்-மணி. லீஃபின் விலை குறைவு. எதை வாங்கச் சொல்வீர்கள்?

பெட்ரோல் கார் என்றால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைத்தான் முதலில் கேட்போம். மின்சாரக் காரில் மோட்டார் அவ்வளவு எளிதில் தேயாது. மூப்படைவது மின்கலம். கார் சும்மா நின்றாலும் அதற்கு வயதாகும்.

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய்த் தங்குகின்றன; கார் ஓடும்போது திரும்பி வருகின்றன. ஆனால் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று மெதுவாக வளர்கிறது. அதில் சிக்கிக்கொள்ளும் லித்தியம் திரும்பாது, கொள்ளளவு குறைகிறது. வெப்பம் கூடினால் வேதிவினையின் வேகம் கூடும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான். ஜொகூரின் நண்பகல் வெயிலில் நிறுத்திய காரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

லீஃபின் மின்கலத்துக்குத் தனிக் குளிரூட்டும் அமைப்பு இல்லை. ஆட்டோ 3க்கு உண்டு. அதன் மின்கலம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. எடைக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்தையே சேமிக்கும் என்றாலும், பல முறை மின்னேற்றுவதைத் தாங்கும்.

லீஃபின் முகப்புத் திரையில் மின்கல ஆரோக்கியத்தைக் காட்டும் 12 சிறு கோடுகள் உண்டு. 11 கோடு இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் போயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். முதல் கோடு மறையும்போதே சுமார் 15 விழுக்காடு போயிருக்கும். அதன் பிறகு கோட்டுக்குச் சுமார் 6 விழுக்காடு. பக்கத்தில் தெரியும் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்ற எண்ணை நம்பி விலை பேச வேண்டாம். முன்பு ஓட்டியவர் மெதுவாக ஓட்டியிருந்தால் அது அழகாகவே தெரியும்.

இப்போது கணக்கு. 10 கோடு மிச்சமுள்ள லீஃபில் சுமார் 31 கிலோவாட்-மணி இருக்கும். ஒரு கிலோவாட்-மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 186 கிலோமீட்டர். அப்பாவுக்குத் தேவை 60! அதற்குச் செலவாகும் 10 கிலோவாட்-மணியை வீட்டுச் சாதாரண மின்செருகியிலேயே இரவில் ஏற்றிவிடலாம்.

ஆகவே தரை வீடு, தினசரி வேலைப் பயணம் மட்டும் என்றால், கோடுகள் நன்றாக உள்ள லீஃப் போதும் என்பேன். அடுக்குமாடியில் குடியிருந்து பொது மின்னேற்றியையே நம்புபவர்களுக்கு அது சரிவராது. லீஃபின் அதிவேக இணைப்பு சாடெமோ வகை; நம் நாட்டில் இப்போது பெருகி வருவதோ ஆட்டோ 3 பயன்படுத்தும் சிசிஎஸ்2. தீபாவளிக்கு ஈப்போ வரை போகும் குடும்பமும் யோசிக்க வேண்டும். ஒரே நாளில் அடுத்தடுத்து வேகமாக மின்னேற்றினால் லீஃபின் மின்கலம் சூடேறும். கார் தானாகவே மின்னேற்றத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பதிவு அட்டையில் உள்ள தேதியையும் பாருங்கள். இரண்டு கார்களுக்கும் மின்கல உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 160,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2019இல் பதிவான லீஃபுக்கு அது 2027இல் முடிகிறது.