கெர்னலில் ஒரு 2 பைட் இடைவெளி

லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலில் பிடித்த எண் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் 2 என்பேன். கெர்னலில் ‘நெட் ஐபி அலைன்’ என்ற பெயரில் இருக்கும் எண் அது. நிரலாக்கம் படிக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஈதர்நெட் வழியே வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முன்னாலும் 14 பைட் தலைப்பகுதி உண்டு. பெறுபவரின் முகவரிக்கு 6, அனுப்புபவரின் முகவரிக்கு 6, உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்ல 2. அதற்குப் பிறகுதான் ஐபி தலைப்பகுதி தொடங்குகிறது. நான்காம் பதிப்பு ஐபி முகவரி ஒவ்வொன்றும் 4 பைட். நுண்செயலிக்கோ, 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடும் நினைவக இடத்திலிருந்து எடுப்பதுதான் சுலபம். 14 அப்படி வகுபடாதே!

அதனால் கெர்னல், பொட்டலம் வந்து இறங்கும் முன்பே 2 பைட்டைக் காலியாக விட்டுவிடுகிறது. 14-உடன் 2 சேர்ந்து 16. ஐபி முகவரிகள் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

விடாவிட்டால் என்ன ஆகும்? அது நுண்செயலியைப் பொறுத்தது. இன்டெல் வகை பெரிதாகப் பொருட்படுத்தாமல் படித்துவிடும். ஸ்பார்க் படிக்க மறுத்துப் பிழை எழுப்பும். எனக்கு அதிக அச்சம் தருபவை பழைய ஆர்ம் நுண்செயலிகள்தாம். அவற்றில் பல, பைட்டுகளைச் சுழற்றித் தவறான எண்ணைச் சத்தமில்லாமல் கையில் கொடுத்துவிடும். ஸ்பார்க்கில் நிரல் நின்ற இடத்திலேயே பிழை தெரியும். இங்கே நிரல் தவறான முகவரியோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, எல்லாக் கணினிக்கும் 2 வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். பொட்டலத்தை நினைவகத்தில் நேரடியாக எழுதுவது பிணைய அட்டை. 2 பைட் தள்ளி எழுதச் சொன்னால், சில கணினிகளில் அந்த வேலை மெதுவாகும். ஆகவே இன்டெல் வகைக்கு லினக்ஸ் அதே எண்ணை 0 என்று வைத்திருக்கிறது. நுண்செயலிக்கு வசதியா, அட்டைக்கு வசதியா என்று கணினிக்குக் கணினி முடிவு மாறுகிறது. இந்த நெளிவுசுளிவுதான் எனக்குப் பிடித்தது.

இதே விதியை உங்கள் மடிக்கணினியிலும் பார்க்கலாம். சி மொழியில் கேரக்டர், இன்ட், கேரக்டர் என்ற வரிசையில் ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி, அதன் அளவைச் சைஸ்ஆஃப் மூலம் கேளுங்கள். கூட்டினால் 6 பைட்தான். ஆனால் இன்றைய மடிக்கணினிகளில் 12 என்று வரும். இரண்டு கேரக்டர்களையும் அடுத்தடுத்து வைத்து மறுபடி ஓட்டுங்கள். 8 வரும்.