என்ன வேலை செய்கிறீர்கள்? மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்

வளவனூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நம் மருத்துவமனைக்கு வருவோரிடம் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைத் தவறாமல் கேட்கிறோம். தொழில் என்ற இடத்தில் மட்டும் பெரும்பாலும் ‘கூலி வேலை’ என்றே பதிவாகிறது. நெல் அறுப்பதும் கூலி வேலை. குவாரியில் பாறையைத் துளைப்பதும் கூலி வேலை. ஆனால் நுரையீரலுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

கல்தூசி செய்யும் தீங்கு

நம் மாவட்டத்தில், குறிப்பாக வானூர் வட்டத்தின் திருவக்கரைப் பகுதியில், கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் இயங்குகின்றன. கருங்கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியில் சிலிக்கா என்னும் படிகத் துகள்கள் உள்ளன. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களோ நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்றுவிடும். அவற்றை அழிக்க வரும் பாதுகாப்பு அணுக்கள் தாமே அழிகின்றன. அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. இதுவே சிலிகோசிஸ் எனப்படும் கல்தூசி நோய்.

பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தூசியில் உழைத்த பிறகே இந்நோய் வெளிப்படுகிறது. தூசி மிகுந்த இடங்களில் அதற்கு முன்னரும் வரலாம். வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். ஏற்பட்ட தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் இது முழுமையாகத் தடுக்கக்கூடிய நோய் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காசநோய் என்ற மயக்கம்

இருமல், மூச்சுத்திணறல், உடல் மெலிவு ஆகியவை காசநோயிலும் உண்டு. கல்தூசி நோயிலும் உண்டு. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் சில வேளைகளில் ஒன்றுபோல் தோன்றும். கல்தூசி நோய் உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம். எனவே, காசநோய் மருந்து உட்கொள்பவர்கள் அதனைத் தாமாக நிறுத்தவே கூடாது. மருந்தை முடித்த பின்னும் மூச்சுத்திணறல் நீடித்தால், செய்த வேலையைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.

பதிவு ஏன் தேவை?

மத்தியப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களைச் சேர்ந்த பழங்குடி மக்கள் பலர், குஜராத்தின் கோத்ரா பகுதியில் இருந்த கற்பொடி ஆலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். நோயுற்று ஊர் திரும்பி, ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். ஆலை ஒரு மாநிலத்தில். மரணம் மற்றொரு மாநிலத்தில். தன்னார்வ அமைப்பினர் ஊர் ஊராகச் சென்று, யார் எங்கே வேலை செய்தார் என்று கணக்கெடுத்த பிறகே உண்மை வெளிப்பட்டது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமெனத் தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் பரிந்துரைத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. வேலை செய்த இடம் பதிவாகாமல் இருந்திருந்தால், அவை காரணம் அறியாத மரணங்களாகவே முடிந்திருக்கும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேட்க வேண்டும் என்று 1700ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தொழிலாளரிடம் இந்நோயைக் காணும் மருத்துவர் அதனை அரசின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கடமை இடம்பெற்றுள்ளது. ஒருவரின் நோய் பதிவானால், அதே இடத்தில் இன்னும் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களைக் காக்க வழி பிறக்கும்.

விபத்தை மறைக்க வேண்டாம்

வேலையிடத்தில் கை நசுங்கியவரை, ‘வீட்டில் விழுந்துவிட்டேன் என்று சொல்’ என்று கூறி அழைத்து வருவோரும் உண்டு. வேலையின்போது நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு கோரும் உரிமை, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலந்தொட்டே நம் நாட்டில் உள்ளது. அந்த உரிமைக்கு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு முக்கியமான சான்று. ஆகவே, நடந்த இடம், நேரம், விதம் ஆகியவற்றை உள்ளபடியே கூறுங்கள். முதல் நாள் தவறாகச் சொன்னதைப் பின்னர் மாற்றுவது மிகக் கடினம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• இதுவரை செய்த வேலைகளையும், இடங்களையும், ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். வெளியூரில் செய்த வேலையையும் விட்டுவிடாதீர்கள்.

• பழைய எக்ஸ்ரே படங்கள், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

• முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 போன்ற, முகத்தோடு பொருந்தும் கவசம் தேவை. அதனினும் சிறந்தது, தூசி எழாமல் தண்ணீர் தெளித்து வேலை செய்வது. அதற்கு ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு.

• வேலை உடையை வீட்டுக்குள் உதறாதீர்கள். நனைத்துத் தனியே துவையுங்கள்.

• புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

• இழப்பீடு குறித்த இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

மூச்சுத்திணறல் மிகுந்தவர் அனைத்தையும் தாமே விளக்க இயலாது. அவருடைய வேலையை அறிந்த மனைவியோ, மகனோ, மகளோ உடன் வந்து கூறினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். நெரிசலில் நாங்கள் கேட்க மறந்தாலும், ‘இவர் கல் உடைக்கும் இடத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தார்’ என்று நீங்களே தொடங்குங்கள். நோயாளியின் சீட்டில் அதனை எழுதுவது எங்கள் கடமை.