கில்பர்ன் தச்சரும் மர எலியும்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. நாணயம் சேர்ப்போர், அஞ்சல் தலை சேர்ப்போர், ஓலைச்சுவடி சேர்ப்போர் ஆகியோரை நாம் அறிவோம். இங்கிலாந்து நாட்டில் இன்னொரு வகையினரும் உளர். நாட்டுப்புறத் தச்சர்கள் கையால் செய்த ஓக் மர மேசை, நாற்காலி, முக்காலி, ரொட்டி வெட்டும் பலகை முதலியவற்றை அவர்கள் தேடிச் சேர்க்கின்றனர். அவர்களுள் பலர் ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன் செய்யும் முதற்செயல், அதைத் திருப்பித் திருப்பி ஓர் எலியைத் தேடுவதாகும். பூனைக்கு உரிய வேலையை மனிதர் செய்வானேன் என நீங்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடை கூறுவதும், கைவினைப் பொருளை மதிப்பிடும் முறை யாது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மனிதரும்

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்சயர் என்னும் வட்டாரம் உள்ளது. அங்குள்ள சிற்றூர்களுள் ஒன்று கில்பர்ன். ஊருக்கு மேலுள்ள குன்றின் சரிவில், புல்லை அகற்றி உருவாக்கிய மாபெரும் வெள்ளைக் குதிரை வடிவம் ஒன்று நெடுந்தொலைவுக்குத் தெரியும். 1857 இல் அதனை அளந்து குறித்தவர் அவ்வூர்ப் பள்ளியாசிரியர் ஜான் ஹாட்ஸன். வெட்டியவர்கள் அவருடைய மாணவர்களும் ஊராரும். ஆசிரியர்களாகிய நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதே.

இவ்வூரில் 1876 இல் பிறந்தவர் ராபர்ட் தாம்சன். தந்தையார் ஊர்த் தச்சர். மகனாவது நல்ல நிலைக்கு வரட்டும் எனக் கருதி, பதினைந்தாம் வயதில் அவரைக் கிளெக்ஹீட்டன் என்னும் தொழில் நகருக்குப் பொறியியல் வேலை பழக அனுப்பினார். அவ்வேலையில் இளைஞரின் மனம் ஒட்டவில்லை. ஊருக்கு வந்துபோகும் வழியில் ரிப்பன் நகரப் பேராலயத்தில் நுழைந்து பார்ப்பதே அவருக்கு ஆறுதல். அங்குள்ள மர இருக்கைகள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்டவை. நானூறு ஆண்டு கழிந்தும் உளியின் தடம் மங்காத அவ்வேலைப்பாடே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று எனலாம். இருபதாம் வயதில் ஊர் திரும்பித் தந்தையாரின் பட்டறையில் சேர்ந்தார்.

பல்லாண்டுகள் வேலி, வாயில், வண்டி என ஊர்த் தேவைக்குரிய வேலைகளே கிடைத்தன. 1919 இல் அருகிலுள்ள ஆம்பிள்ஃபோர்த் ஊரில், நெவில் என்னும் துறவியார் ஒரு நினைவுச் சிலுவை செய்து தருமாறு கேட்டார். தாம்சனின் வாழ்வு அதிலிருந்து மாறியது. அத்துறவியார் 1924 முதல் 1954 வரை ஆம்பிள்ஃபோர்த் கல்லூரிப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். பள்ளி நூலகத்துக்கு வேண்டிய மேசையும் நாற்காலியும் தாம்சன் பட்டறையிலேயே உருவாயின. மாணவர் நாள்தோறும் புழங்கும் பொருள் சிறந்த பொருளாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணமுடைய ஒரு தலைமையாசிரியர் ஒரு தச்சரை வாழவைத்தார். அத்தச்சரால் ஒரு வட்டாரத்தின் கைத்தொழிலே வாழ்ந்தது.

எலி பிறந்த கதை

ஏறத்தாழ அக்காலத்தில், தேவாலயம் ஒன்றுக்கான மரத்தடுப்பின் மேல்விளிம்பைத் தாம்சனும் உடனிருந்த தச்சர் ஒருவரும் செதுக்கிக்கொண்டிருந்தனர். கூலியின் குறைவைப் பற்றிய பேச்சில், நாம் தேவாலயத்து எலிகளைப்போல் வறியவர்களாக இருக்கிறோமே என்றார் உடனிருந்தவர். தேவாலயத்தில் அடுக்களையும் இல்லை, களஞ்சியமும் இல்லை. அங்கு வாழும் எலிக்கு உண்ண என்ன கிடைக்கும்? ஆதலின் அந்நாட்டில் வறுமைக்கு அஃது உவமையாக வழங்குகிறது. அதைக் கேட்ட தாம்சன், கைக்கு எட்டிய இடத்திலேயே ஓர் எலியைச் செதுக்கி வைத்தார். பின்னர் அதுவே தம் பட்டறைக்கு ஏற்ற முத்திரை என உணர்ந்தார். ஆரவாரமற்ற இடத்திலிருந்து ஓயாது உழைப்பதற்கு எலி நல்ல அடையாளம் என்பது அவர் கருத்து. ஊரார் அவரை ‘எலிக்காரர்’ என்றே அழைக்கலாயினர். யார்க் நகரப் பேராலயத்திலும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலும் அவ்வெலி இடம்பெற்றது.

தாம்சன் 1955 இல் மறைந்தார். அவருடைய பேரர்கள் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினர். அவ்வட்டாரத்திலே வேறு தச்சர்களும் தத்தமக்கு ஒரு முத்திரையை வகுத்துக்கொண்டனர். அணில், குருவி, பீவர் எனப் பல உயிர்கள் மேசைக்கால்களில் ஏறின. அவர்களுட் சிலர் தாம்சன் பட்டறையிலேயே தொழில் பயின்றவர்கள். விட்பி நகருக்கு அண்மையில் வாழ்ந்த தாமஸ் விட்டேக்கர், ஓக் மரத்தைக் காக்கும் குள்ளப் பூதத்தைத் தம் முத்திரையாகக் கொண்டார்.

மரத்தின் இயல்பு

சேர்ப்போர் முதலில் அறியவேண்டுவது மரத்தை. ஓக் மரத்தைத் தமிழில் கருவாலி எனக் குறிப்பதுண்டு. மிக மெதுவாக வளர்வது. கனமும் வலிவும் உடையது. வெட்டிய மரம் உடனே வேலைக்கு ஆகாது. பலகையாக அறுத்து, இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கிக் காற்றில் உலரவிடுவர். ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழந்தச்சர் கணக்கு. மூன்றங்குலப் பலகை வேண்டுமெனின் மூன்றாண்டு பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மேசை பின்னர் முறுக்கிக்கொள்ளும்; வெடிக்கும்.

மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் மெல்லிய இழைகள் ஓடுகின்றன. அடிமரத்தை நான்காகப் பிளந்து, நடுவை நோக்கியே பலகை அறுத்தால் அவ்விழைகள் பலகையின் முகத்தில் வெள்ளிக் கீற்றுகளாக ஒளிரும். இவ்வாறு அறுப்பதால் மரம் அதிகம் வீணாகும். ஆயினும் பலகை எளிதில் வளையாது. வெள்ளிக் கீற்று வெறும் அழகன்று. தச்சர் சிக்கனம் பாராது செய்த நல்வேலைக்குச் சான்றாகும்.

ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. மூடிய அறைக்குள் அமோனியா ஆவி படுமாறு வைத்தால், அத்துவர்ப்பு ஆவியோடு கூடி மரத்துக்குக் கரும்பழுப்பு நிறம் தரும். இது மேலே பூசிய சாயமன்று, மரத்துக்குள்ளேயே ஊறிய நிறம். ஆதலால் எளிதில் தேய்ந்து போகாது. ஈரமான ஓக் மரத்தில் இரும்பாணி பட்டாலோ அவ்விடம் கருத்துவிடும். கடுக்காய் நீரில் இரும்பைச் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை உண்டாக்கியதும் இதே தத்துவத்தால்தான்.

பொருளைப் படிக்கும் முறை

இனி, ஒரு மேசை கையில் கிடைத்தால் அதனை எவ்வாறு ஆராய்வது?

முதலாவது, மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்தல். தாம்சன் பட்டறையில் மேசையின் முகத்தை வாய்ச்சியால் செதுக்கி முடிப்பர். காற்று வீசும் குளத்துநீர்போல் மெல்லிய அலைகள் அதில் எழும். சாய்ந்த ஒளியில் கண்ணுக்கும் புலனாகும்; விரலுக்கோ எந்த ஒளியிலும் புலனாகும். கையால் செதுக்கிய அலைகள் ஒன்றையொன்று ஒத்திரா. எல்லாம் ஒரே அளவாக இருப்பின் ஐயுறுதல் வேண்டும்.

இரண்டாவது, பொருத்துகளைக் காணுதல். ஒரு சட்டத்தில் துளையும் மற்றொன்றில் அத்துளைக்குள் நுழையும் நாக்கும் வெட்டிச் சேர்த்து, குறுக்கே மரமுளை அறைவது பழைய முறை. மரம் காலப்போக்கில் சுருங்குவதால் முளையின் தலை சற்றே வெளியே துருத்தும். இது குறையன்று, முதுமையின் அடையாளம்.

மூன்றாவதாகவே எலியைத் தேடுதல் வேண்டும். உண்மையான எலி, தான் அமர்ந்திருக்கும் மரத்திலிருந்தே செதுக்கப்பட்டது. மரத்தின் வரிகள் காலிலிருந்து எலியின் உடலுக்குள்ளும் தடையின்றி ஓடும். பின்னர் ஒட்டிய எலியாயின் வரி அறுபட்டுத் தோன்றும். தொடக்க கால எலிகளுக்கு முன்கால்கள் உண்டு. அவை எளிதில் ஒடிந்தமையால் 1930 ஐ ஒட்டி அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பட்டறையில் ஒவ்வொரு தச்சரும் தாமே தம் எலியைச் செதுக்குவதால், காதிலும் முகத்திலும் வாலிலும் வேறுபாடு காணப்படும். பழகிய கண்ணுக்கு அது கையெழுத்தைப் போன்றது.

நான்காவது, வாங்கிய பின் செய்யத்தகாதன. பழம்பொருளைப் புதிதாக்க எண்ணி உப்புத்தாள் கொண்டு தேய்த்தலாகாது. பல ஆண்டுகளாகக் கைகளும் மெழுகும் சேர்ந்து உண்டாக்கிய பளபளப்பை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடலாம். மீண்டும் பெற ஒரு தலைமுறை ஆகும்.

இவ்வரிசையை மாற்றி எலியையே முதலில் தேடுவோர் ஏமாறுகின்றனர். முத்திரையைப் போலி செய்வது எளிது. மூன்றாண்டு உலர்ந்த மரத்தையும் முப்பதாண்டு பழகிய கையையும் போலி செய்தல் அரிது. எலி நமக்குத் தச்சரின் பெயரைக் கூறும். அவர் எத்தகைய தச்சர் என்பதைக் கூறவல்லது மரம் ஒன்றே.

பெயரற்றவர்கள்

இதனை எழுதும்போது என் தவறு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. யான் முன்பு பணியாற்றிய தோட்டப்பள்ளி ஒன்றில், தோட்டத் தச்சர் ஒருவர் செய்த பழைய மெராந்தி மர வாங்குகள் இருந்தன. புதிய தளவாடங்கள் வந்தபோது, பழையவற்றை அகற்றும் தாளில் கையொப்பமிட்டவன் யானே. ஒரு மாலைப்பொழுதில் அவை திடலின் ஓரத்தில் எரிக்கப்பட்டன. அவற்றைச் செய்தவர் யார் எனப் பின்னர் முதியோரிடம் கேட்டேன். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. அவர் எலியும் செதுக்கவில்லை, அணிலும் செதுக்கவில்லை.

கிடங்கில் ஒரே ஒரு முக்காலி தப்பியிருந்தது. அதனைக் கவிழ்த்து மாணவர்களிடம் காட்டினேன். காலும் பலகையும் சேரும் இடந்தோறும் உளியால் இட்ட சிறு கோடுகள் இருந்தன: ஒரு காலுக்கு ஒரு கோடு, அது நுழையும் துளைக்கும் ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. எந்தக் கால் எந்தத் துளைக்கு உரியது என்பதை மறவாதிருக்க அத்தச்சர் இட்ட கணக்கு அது. ஒவ்வொரு காலையும் அதனதன் துளைக்கெனத் தனியே இழைத்திருக்கிறார் என்பதை மாணவர்களே கண்டு கூறினர்.

பெருஞ்செல்வர்கள் எலி உள்ள மேசைகளைச் சேர்க்கட்டும். நம்மால் இயன்ற சேகரம் வேறொன்றுண்டு. நம் பள்ளியிலும் வீட்டிலும் கையால் செய்த பொருள் ஏதேனும் எஞ்சியிருப்பின், அதனைக் கவிழ்த்துப் பாருங்கள். மாணவரையும் பார்க்கச் செய்யுங்கள். செய்தவர் பெயர் அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு, பள்ளிப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். யான் கேட்ட காலத்தில் கேட்பதற்கு ஆளில்லை.